தை மாதத்தில் ஓரியூருக்குப் போன அத்தை

என் அத்தை, அதாவது கணவரின் அம்மா, கவலைப்படுவதையும் ஒரு தொழிலாகச் செய்தவர். பார்த்த தொழில் என்னவோ பலகாரம். தேவகோட்டையில் செட்டியார் வீட்டுக் கல்யாணங்களுக்குத் தேன்குழல், அதிரசம், சீப்புச் சீடை, மனகோலம் எல்லாம் எங்கள் பின்கட்டிலிருந்துதான் போகும்.

மனகோலத்துக்கு வெல்லப்பாகு காயும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி எடுத்து, பித்தளைத் தட்டில் போடுவார். 'டங்' என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் ஒடித்து வைத்த முறுக்கில் பாகை ஊற்ற விடுவார். பல வருடமாக அடுப்படியில் நிற்கும் மாரியக்காளுக்குக்கூட அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சொல்லும் உரிமை கிடையாது.

ஐப்பசி மழையில் வழுக்கி விழுந்து அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குச் சோதனை. கட்டிலில் படுத்தபடியே, "எண்ணெய் காய்ந்துவிட்டது, வாசனை வருகிறது பார்", "அந்தச் சிரிப்புச் சத்தம் எதற்கு?" என்று விடிய விடிய அதிகாரம். மாரியக்காள் வேலையை விட்டுப் போகாமல் இருந்ததே புதுமை என்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குக் கோவிலிலிருந்து நற்கருணை, அதாவது பூசையில் தரும் அப்பம், கொண்டுவரும் கன்னியாஸ்திரியான சிஸ்டர் ஒருநாள் பைபிளிலிருந்து முதல் பேதுரு ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தார். உங்கள் கவலைகளையெல்லாம் அவரிடம் விட்டுவிடுங்கள் என்ற ஏழாம் வசனம் எல்லாருக்கும் தெரியும், காலண்டரில்கூட இருக்கும். சிஸ்டர் ஆறாவது வசனத்திலேயே நின்றுவிட்டார். கடவுளுடைய வல்லமையுள்ள கைக்குக் கீழே உங்களைத் தாழ்த்துங்கள் என்பது அது. "அம்மா, தாழ்ச்சி முதலில் வருகிறது. நாம் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்று நினைக்கிறவரைக்கும் கவலையை எப்படி இறக்கி வைப்பது?" என்றார்.

அத்தை சளைக்கவில்லை. "ஆண்டவர் பாகுப் பதம் பார்ப்பாரா சிஸ்டர்?"

"மாரியக்காள் பார்ப்பார்" என்றார் சிஸ்டர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தைக்குக் கோபம், அன்று சாப்பிடவில்லை.

ஆனாலும் அந்தப் பேச்சு உள்ளே வேலை செய்திருக்கிறது. அடுத்த கார்த்திகை முகூர்த்தத்துக்கு மனகோலம் செய்தபோது மாரியக்காளைக் கூப்பிட்டு, "நீயே தட்டில் போட்டுப் பார்" என்றார். பாகு கொஞ்சம் முற்றிப்போய்விட்டது. பெண் வீட்டு ஆச்சி ஆளனுப்பி, கடிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டார். நாங்கள் நடுங்கிக்கொண்டு போய்ச் சொன்னால், "சரி, அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்" என்றார். முகம் வாடித்தான் இருந்தது. கையில் ஜெபமாலை உருண்டுகொண்டிருந்தது. மாரியக்காளை ஒரு சொல் சொல்லவில்லை.

இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நம்பிவிட்டால் எல்லாம் சரியாக நடக்கும் என்று சாட்சி சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இங்கே சரியாக நடக்கவில்லை. அத்தை அதைத் தாங்கிக்கொண்டார்.

ஓரியூரில் அருளானந்தர் திருநாள் பிப்ரவரி 4. சேசு சபைக் குருவான அவரை 1693இல் அங்கேதான் வெட்டிக் கொன்றார்கள். அவருடைய இரத்தத்தால் சிவந்தது என்று சொல்லி மக்கள் அந்தச் செம்மண்ணை எடுத்துப் போவது வழக்கம். திருநாள் எப்போதும் தையில் வரும். தையில் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது என்பதால், இத்தனை கிட்டத்தில் இருந்தும் அத்தை திருநாளுக்குப் போனதே இல்லை. அந்த வருடம், வீட்டில் மூன்று அடுப்பும் எரிந்துகொண்டிருக்க, வாக்கரைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். திருவாடானை தாண்டும்வரை அடுப்படிக்கு ஒரு போன்கூட இல்லை. தாண்டியதும் ஒன்று போட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கொல்லப்படுவதற்கு முந்தைய நாள் அருளானந்தர் சிறையில் மை இல்லாமல் கரியைத் தண்ணீரில் குழைத்துக் கடிதம் எழுதியதைப் பிரசங்கத்தில் சொன்னார்கள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஒப்புக்கொடுக்கும் ஜெபம். என் சுதந்திரம், நினைவு, அறிவு, மனம் அனைத்தையும் எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று கூட்டமே சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்தில் அத்தையின் குரல் தனியாகக் கேட்டது: "நினைவை மட்டும் பங்குனிவரை விட்டுவையும் ஆண்டவரே, இரண்டு வீட்டில் பாக்கி வரவேண்டியிருக்கிறது."