மாடல் சொன்னது 83 கன மீட்டர் கான்கிரீட், ஸ்லாப்பில் போனது 76. எங்கே தப்பு?

திருப்பூர்_காண்ட்ராக்டர்:
வணக்கம். திருப்பூர் பக்கம் சின்ன அளவில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். இதுவரை ஆட்டோகேட் பிரிண்டும் மேஸ்திரியின் நோட்டும்தான் எங்களுக்கு எல்லாம். இந்த முறை ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்கு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் பிம் மாடலே (அளவுகளோடு வரும் முப்பரிமாணக் கம்ப்யூட்டர் மாடல்) கொடுத்தார்கள். ரெவிட் என்ற மென்பொருளில் வரைந்து, மற்ற மென்பொருள்களிலும் திறக்கும் ஐஎஃப்சி கோப்பாக மாற்றியது. என்னிடம் ரெவிட் இல்லை, இலவச வியூவரில் திறந்து பார்க்கிறேன்.

முதல் மாடி ஸ்லாப்புக்கு அதில் இருந்த கன அளவைக் கூட்டினேன். ஸ்லாப் 52.8, பீம்கள் 30.4, ஆக 83. அப்படியே ரெடிமிக்ஸ் கான்கிரீட் சொல்லிவிட்டேன். 76 போனதும் ஸ்லாப் முடிந்துவிட்டது. அதற்குள் கடைசி வண்டியும் பிளான்ட்டை விட்டுக் கிளம்பிவிட்டது. காம்பவுண்டு ஓரம் கொட்டிப் பரப்பினோம், காசும் கொடுத்தாயிற்று. முந்தின நாளே மேஸ்திரி "எழுபத்தஞ்சு, எழுபத்தாறு போதும் சார்" என்றார். கம்ப்யூட்டர் கணக்கு என்று சொல்லி நான்தான் அவர் வாயை அடைத்தேன். இனி இந்த மாடலை நம்பலாமா, மூட்டை கட்டி வைத்துவிடலாமா?

கம்பி_கணக்கு:
பீம் என்ன சைஸ், ஸ்லாப் எத்தனை கனம், பீம் மொத்த நீளம் எவ்வளவு? அதைச் சொல்லுங்கள் முதலில்.

திருப்பூர்_காண்ட்ராக்டர்:
பீம் 230க்கு 600 மில்லி. ஸ்லாப் 150 மில்லி. பீம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 220 மீட்டர்.

கம்பி_கணக்கு:
அப்படியென்றால் தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. 0.23 × 0.15 × 220 = 7.59 கன மீட்டர். பீமின் மேல் 150 மில்லி ஸ்லாப்புக்குள்தானே இருக்கிறது? அந்த இடம் ஸ்லாப் கணக்கிலும் வந்திருக்கிறது, பீம் கணக்கிலும் வந்திருக்கிறது. 83.2இல் 7.6 கழித்தால் 75.6. உங்கள் மேஸ்திரி பீம் ஆழத்தை 450 என்று போட்டிருப்பார், ஸ்லாப்புக்குக் கீழே தொங்குவதை மட்டும். கையால் போடுகிறவர்கள் பழக்கத்திலேயே அதைக் கழித்துவிடுவார்கள்.

ரெவிட்டில் பீமையும் ஸ்லாப்பையும் 'ஜாயின்' செய்திருந்தால் ஒன்று மற்றொன்றை வெட்டிக்கொள்ளும், இரண்டு முறை எண்ணாது. வரைந்தவர் அதை விட்டிருக்கிறார். வெறும் வியூவரை வைத்து நீங்கள் அதைத் திருத்த முடியாது, அவரிடமே கேட்டு மறுபடி வாங்குங்கள். வியூவரில் குறுக்கே ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். பீமின் தலை ஸ்லாப்பின் மேல்மட்டம் வரை போய் ஸ்லாப்பும் அதன் மேல் முழுசாக ஓடினால் நான் சொன்னதுதான். பில்லர்களையும் அப்படியே ஒரு முறை பாருங்கள், அவையும் பீமுக்குள் நுழைந்திருக்கும்.

சிங்கை_மேஸ்திரி:
தம்பி, மாடலை மூட்டை கட்டிவிடாதீர்கள். இங்கே சிங்கப்பூரில் 2015 முதலே 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு பிம் வடிவில்தான் அனுமதிக்குச் சமர்ப்பிக்க வேண்டும். எங்கள் சைட்டில் ஒவ்வொரு மாடலுக்கும் முதலில் ஒரே ஒரு பேனலை (நான்கு பீம்களுக்கு இடையிலான ஸ்லாப் பகுதி) கையால் கணக்குப் போட்டு ஒப்பிடுவோம். அது ஒத்துவந்த பிறகுதான் மற்றதைத் தொடுவோம். அரை மணி நேர வேலை.

ஆர்டரை எப்படியும் இரண்டாகப் பிரியுங்கள். கடைசி வண்டியின் அளவை, மிச்ச இடத்தை டேப் வைத்து அளந்த பிறகு சொல்லுங்கள். மாடல் சரியாகவே இருந்தாலும் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை கொஞ்சம் தொங்கினால் அளவு மாறும்.

பில்_போடுபவன்:
இழை இதைப் பற்றியது இல்லைதான், ஆனாலும் பூச்சு வேலைக்கும் மாடல் அளவை அப்படியே பில்லில் ஏற்றிவிடாதீர்கள். மாடல் ஒவ்வொரு ஜன்னலையும் கழித்துக் கொடுக்கும். கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 1200 படி 0.5 சதுர மீட்டர் வரையிலான திறப்புக்குக் கழிவே கிடையாது. 0.5 முதல் 3 வரை சுவரின் ஒரு முகம் மட்டும் கழிக்க வேண்டும். 3க்கு மேல் என்றால் இரண்டு முகமும் கழியும், ஜாம் (திறப்பின் உள்பக்க ஓரம்) பூச்சைத் தனியாகச் சேர்க்கலாம். எங்கள் வேலை ஒன்றில் மாடல் அளவைக் கொடுத்து நமக்கு வரவேண்டியதை நாமே குறைத்துக்கொண்டோம்.

திருப்பூர்_காண்ட்ராக்டர்:
கம்பி_கணக்கு சார், வெட்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்னதேதான். வரைந்தவரிடம் போனில் கேட்டேன். கீழ்த்தளத்தில் ஜாயின் செய்திருக்கிறார், மேல் மாடிகளில் விட்டுவிட்டாராம். திருத்தி அனுப்பினார், இப்போது 75.6 காட்டுகிறது. மேஸ்திரிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். பிளம்பிங் மாடலும் சேர்த்து ஒரு 'கிளாஷ்' அறிக்கை தந்தார்கள். 1,140 இடத்தில் மோதுகிறதாம். இதை யார் உட்கார்ந்து பார்ப்பது?

சிங்கை_மேஸ்திரி:
முழுவதையும் பார்க்காதீர்கள். ஸ்லாப்புக்குள் ஓடும் கரண்ட் பைப், சுவருக்குள் போகும் தண்ணீர் பைப் எல்லாம் மோதல் என்றே வரும், அவை அங்கே இருக்க வேண்டியவைதான். டிரெய்னேஜ் பைப்பும் பீமும் மோதுவதை மட்டும் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். அப்படி எடுத்தால் கொஞ்சம்தான் இருக்கும்.

அதற்கு முன் ஒன்று பாருங்கள். பைப் மாடலில் சாய்வோடு வரைந்திருக்கிறதா? 60க்கு 1 சாய்வில் 6 மீட்டர் ஓடினால் 100 மில்லி இறங்கும். மட்டமாக வரைந்திருந்தால் மாடலில் பீமைத் தொடாமல் போகும், சைட்டில் போய் இடிக்கும். அறிக்கை சுத்தமாக வந்தும் அப்புறம் கான்கிரீட்டைத் துளைக்கும் கோர் கட்டிங் மெஷின் வரவழைத்த சைட்டை நானே பார்த்திருக்கிறேன்.

கம்பி_கணக்கு:
பைப் போக பீமில் ஸ்லீவ் (துளைக்கான குழாய்) வைப்பதென்றால் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் கையெழுத்து இல்லாமல் வைக்காதீர்கள். பில்லர் பக்கத்தில் ஷியர் (வெட்டு விசை) அதிகம், அங்கே பெரும்பாலும் விடமாட்டார்.

திருப்பூர்_காண்ட்ராக்டர்:
பைப்பை மட்டமாகத்தான் வரைந்திருக்கிறார்கள்! சாய்வு போட்டு மறுபடி ஓட்டியதில் பீமில் 9 இடம் வந்தது. 4 இடத்தில் பைப்பையே திருப்பிவிடலாம் என்கிறார் பிளம்பர். மிச்சம் 5க்கு என்ஜினியரிடம் போயிருக்கிறது. அவர் பதில் வரும்வரை இரண்டாம் மாடியில் அந்தப் பீம்களுக்குக் கம்பி கட்ட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ரெடிமிக்ஸ் இந்த முறை 70க்குத்தான் சொல்கிறேன், மிச்சம் டேப் வைத்து.