பொருள்: விம்மின் ‘மோட்’, ஈமாக்ஸின் ‘மோட்’ – இரண்டுக்கும் ஒரே கலைச்சொல் பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். உரைத்திருத்திகளில் (கோப்புகளில் உரையை எழுதித் திருத்த உதவும் மென்பொருள்களில்) வரும் ‘மோட்’ (mode) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குவது பற்றி இவ்விழையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> உரைத்திருத்திகளின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கும்போது ‘மோட்’ வரும் இடங்களில் எல்லாம் ‘பயன்முறை’ என்றே இடலாம். கைபேசிகளால் அச்சொல் ஏற்கெனவே பழகிவிட்டது.

‘பயன்முறை’ பழகிய சொல் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. விமானப் பயன்முறை, இருண்ட பயன்முறை முதலிய தொடர்களில் அது பொருத்தமாகவே நிற்கிறது; அங்கே பயனர் கருவியை ஒருமுறை மாற்றி வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கிறார். ஆனால் லினக்ஸ் பயனர்களிடையே நெடுங்காலமாக விருப்பத்துக்குரியவையாக இருந்துவரும் விம், ஈமாக்ஸ் ஆகிய இரு திருத்திகளும் ‘மோட்’ என்பதை வெவ்வேறு பொருள்களில் ஆள்கின்றன. ஒரே தமிழ்ச் சொல்லை இரண்டுக்கும் இட்டால் ஆங்கிலத்தில் உள்ள குழப்பத்தையும் சேர்த்தே மொழிபெயர்த்தவர்கள் ஆவோம். எனவே விம்முக்கு ‘நிலை’ என்றும், ஈமாக்ஸுக்குப் ‘பாங்கு’ என்றும் இரு சொற்களை முன்மொழிகிறேன்.

முதலில் விம்மைப் பார்ப்போம். அதன் வழக்கம் 1976-ஆம் ஆண்டளவில் பில் ஜாய் எழுதத் தொடங்கிய வீஐ திருத்தியிலிருந்து வந்தது. அதற்கும் முன்பே, 1969-இல் கென் தாம்சன் எழுதிய ‘எட்’ என்னும் வரித்திருத்தியில், கட்டளையை ஏற்கும் வேளையும் உரையை ஏற்கும் வேளையும் தனித்தனியாக இருந்தன. பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்னும் முனையத்தில் (திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவியில்) அம்புகளுக்குத் தனி விசைகள் கிடையாது. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. நொடிக்கு 300 பிட் அளவே கடத்திய மோடம் இணைப்பில் வேலை செய்தவருக்குச் சுருக்கமான கட்டளைகள் தேவைப்பட்டன என்பதையும் சேர்த்து எண்ணினால், எழுத்து விசைகளையே கட்டளைகளாக்கிய அவரது முடிவு விளங்கும். இன்றைய விம்மிலும் எக்ஸ் விசை ஒரு வேளையில் எக்ஸ் என்னும் எழுத்தை இடுகிறது. மற்றொரு வேளையில் சுட்டியின் கீழுள்ள எழுத்தை நீக்குகிறது. விசை அதேதான், அதை வாங்கிக்கொள்ளும் திருத்தியின் நிலைதான் வேறாகிறது. உறக்க நிலையில் இருப்பவரிடம் சொன்னதும் விழிப்பு நிலையில் இருப்பவரிடம் சொன்னதும் ஒன்றாகுமா? இவ்வளவு பொருளையும் ‘நிலை’ என்ற ஈரெழுத்துச் சொல் தன்னுள் வைத்திருக்கிறது.

ஈமாக்ஸில் அச்சொல்லின் வேலை வேறு. பைத்தான் நிரல்மொழியில் எழுதிய கோப்பு ஒன்றைத் திறந்தால், அம்மொழிக்குரிய நிறப்பாகுபாடு, உள்தள்ளல், கட்டளைகள் ஆகியவற்றின் தொகுதி ஒன்று அந்த இடையகத்துக்கு (கோப்பின் உரையைத் திருத்தி திறந்து வைத்திருக்கும் இடத்துக்கு) அமைகிறது. ஓர் இடையகத்துக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு முதன்மைத் தொகுதிதான் உண்டு. எழுத்துப் பிழை காட்டுதல், தானாக வரி மடித்தல் போன்ற துணைத் தொகுதிகளை எத்தனை வேண்டுமானாலும் அதன்மேல் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளடக்கத்தின் இனத்துக்கு ஏற்பத் திருத்தி நடந்துகொள்ளும் விதம் இது. ‘முதன்மைப் பாங்கு’, ‘துணைப் பாங்கு’ என்றால் இந்தப் பொருள் சிதையாமல் கிடைக்கிறது.

> டயர்டு என்னும் கோப்பு மேலாண்மைப் பாங்கில் டி விசையை அழுத்தினால் எழுத்து விழுவதில்லை, கோப்பு அழிப்புக்குக் குறிக்கப்படுகிறது. அப்படியானால் அதுவும் ‘நிலை’தானே?

இது நியாயமான கேள்வி. அங்கே விசையின் பொருள் மாறுகிறது என்பது உண்மை. ஆயினும் அம்மாற்றம் இடையகத்தில் இருப்பது கோப்புப் பட்டியல் என்பதால் நேர்கிறது. ஒரே உரையின் நடுவே பயனர் நொடிக்கு நொடி உள்ளே போய் வெளியே வருவதில்லை. விம்மின் ‘மோட்’ பயனரின் கையில் இருக்கிறது, ஈமாக்ஸின் ‘மோட்’ இடையகத்தோடு இருக்கிறது என்று கொண்டால் பெரும்பாலான ஐயங்கள் தீரும்.

ஈமாக்ஸுக்குள் விம்மைப் போலவே இயங்க வழிசெய்யும் ‘ஈவில்’ நீட்சியை எழுதியவர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. விம்மின் மோட்களை அதே பெயரால் அழைத்தால் ஈமாக்ஸின் மோட்களோடு குழம்பும் என்று, அவர்கள் அவற்றுக்கு ‘ஸ்டேட்’ என்று வேறு பெயர் வைத்தார்கள். அதை நாம் தயங்காமல் ‘நிலை’ என்றே பெயர்ப்போம். ஆங்கிலப் பயனர்களே பிரித்துக்கொண்டதை நாம் ஒட்டவைக்க வேண்டுமா?

மாற்றாகச் சொல்லப்பட்ட ‘முறைமை’யை நான் ஏற்கவில்லை, ‘இயக்க முறைமை’ அச்சொல்லை முன்பே எடுத்துக்கொண்டது. புள்ளியியலில் ‘மோட்’ என்பதற்கு வழங்கும் ‘முகடு’ பற்றி இங்கே பேசவே தேவையில்லை.

‘பயன்முறை’ வேண்டாம் என்பதற்குத் தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. தமிழ்99 விசைப்பலகைத் தளவமைப்பில் எச், ஜே, கே, எல் விசைகளில் இருப்பவை க, ப, ம, த. தமிழில் எழுதிக்கொண்டிருந்தவர் எஸ்கேப் விசையை அழுத்தி, விசைகள் கட்டளைகளாகும் இயல்பு நிலைக்கு வந்து சுட்டியை நகர்த்த முயன்றால், திருத்திக்குப் போய்ச் சேர்வது அந்த நான்கு தமிழ் எழுத்துகளே, எதுவும் நகராது. எனவே உதவிப் பக்கத்தில் ‘இயல்பு நிலைக்குத் திரும்பியதும் தமிழ் உள்ளீட்டு முறையை அணைக்கவும்’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். (விசைகளுக்குத் தமிழ் எழுத்துகளைப் பொருத்தித் தரும், விம்முக்குள்ளேயே உள்ள கீமேப் வசதியைப் பயன்படுத்துவோருக்கு இத்தொல்லை இல்லை, அது இயல்பு நிலைக் கட்டளைகளைத் தொடுவதில்லை.) அதே வரியில் ‘உள்ளீட்டு முறை’யும் ‘இயல்புப் பயன்முறை’யும் அடுத்தடுத்து வந்தால், எதை மாற்றச் சொல்கிறோம் என்று படிப்பவர் இருமுறை பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து, விம்மைப் போல நிலைகள் உள்ள திருத்திகளின் பொதுப்பெயர். நிலை இல்லாதவற்றை ‘நிலையிலாத் திருத்தி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது எப்போது செயலிழக்குமோ என்று அஞ்சவைக்கும் பெயராக இருக்கிறது. விம், நியோவிம், ஹீலிக்ஸ் போன்றவற்றைப் ‘பன்னிலைத் திருத்தி’ என்றும், நானோ, ஜீஎடிட் போன்றவற்றை ‘ஒருநிலைத் திருத்தி’ என்றும் குறிக்கலாம். கேட் திருத்தி இயல்பில் ஒருநிலையானது. வீஐ உள்ளீட்டைத் தேர்ந்தால் பன்னிலையாகிவிடும். திருத்திகளில் நிலைகளே கூடாது என்று வாழ்நாள் முழுவதும் வாதாடி, தம் காரின் எண்பலகையிலும் அதையே எழுதி வைத்திருந்த கணினி அறிஞர் லாரி டெஸ்லர் ‘ஒருநிலை’ என்ற பெயரை ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது வேறு கதை.

தனித்தனி நிலைகளுக்கு ‘இயல்பு நிலை’, ‘செருகு நிலை’, ‘மேலெழுது நிலை’, ‘கட்டளைவரி நிலை’ ஆகியவற்றை இப்போதே உறுதி செய்யலாம். ‘இயல்பு’க்கு மாற்றாகக் ‘கட்டளை நிலை’ கேட்டவர்கள், அது கட்டளைவரி நிலையோடு மோதுவதைக் கருத வேண்டுகிறேன்.

உரையின் ஒரு பகுதியைத் தேர்ந்து அதன்மேல் கட்டளை இட உதவும் ‘விஷுவல் மோட்’ மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ‘காட்சி நிலை’ எதையும் உணர்த்தவில்லை. ‘தேர்வு நிலை’ என்றால், தேர்ந்த பகுதியின்மேல் தட்டச்சு செய்ததும் அதை மாற்றியிடும் ‘செலக்ட் மோட்’ என்று விம்மில் தனியே ஒன்று இருக்கிறது. ‘குறி’யை ‘மார்க்’ என்பதற்கு வைத்துக்கொண்டாயிற்று. இந்த மூன்றையும் தவிர்த்த ஒரு சொல் யாருக்கேனும் தோன்றினால் இவ்விழையிலேயே எழுதுங்கள். அதுவரை அந்த ஒரு தொடரைத் தமிழாக்காமல் விட்டுவைக்கிறேன்.

அன்புடன்.