எம்87 கருந்துளையின் நிறை: விண்மீன் கணக்கா, வாயுக் கணக்கா?

வடமீன்:
எம்87 விண்மீன்மண்டலத்தின் நடுவில் உள்ள கருந்துளைக்கு, விண்மீன் வேகங்களை வைத்து 2011இல் வந்த விடை 660 கோடி சூரிய நிறை. 2013இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த நிறமாலையில், அதைச் சுற்றும் வாயு வட்டு சொன்னது 350 கோடி. நான் வாயுப் பக்கம். வட்டில் சுழலும் வாயுவுக்கு ஒரே பாதை. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் முடிந்தது. விண்மீன்கள் அப்படியா? மையத்தில் பாய்ந்து திரும்பும் நீள்பாதைகள் மிகுந்தால், கருந்துளை சிறிதாக இருந்தாலும் நடுவில் வேகப் பரவல் (விண்மீன் வேகங்கள் ஒன்றுக்கொன்று விலகும் அளவு) எகிறும்.

கதிர்மானி:
அதனால்தான் பரவலோடு நிறுத்தாமல் உட்கவர் கோட்டின் (விண்மீன் ஒளியின் நிறமாலையில் விழும் இருண்ட கோடு) வடிவத்தையும் அளக்கிறார்கள், ஐயா. மையத்தை விட்டு விலகிய இடங்களில், நீள்பாதைகள் மிகுந்தால் கோடு கூர்முனையாகும், வட்டப்பாதைகள் மிகுந்தால் உச்சி தட்டையாகும். ஒரு நிறையை ஊகித்து, அந்த ஈர்ப்பில் ஆயிரக்கணக்கான பாதைகளை ஓடவிட்டு, ஒளியும் கோட்டு வடிவமும் பொருந்தும்படி பங்கிடுவார்கள். பொருந்தாவிட்டால் அடுத்த நிறை.

உங்கள் வட்டு நம் பார்வைக்குச் சாய்ந்திருக்கும் கோணம் 42 பாகை என்றார்கள். நிறை, சாய்வின் சைன் வர்க்கத்துக்குத் தலைகீழ். 30 என்று வையுங்கள், 350 கோடி சுமார் 627 கோடியாகிவிடும்!

வடமீன்:
கருந்துளையிலிருந்து பீறிடும் ஜெட்டுக்கு வட்டு செங்குத்து என்று 17 பாகை வைத்தால் 1,800 கோடி தாண்டும். இஷ்டத்துக்குக் கோணம் போடலாமா? உங்கள் பக்கமும் இருள்பொருளைச் சேர்த்ததும் 2009இல் இருமடங்குக்கு மேல் ஏறி 640 கோடியானதுதானே.

கதிர்மானி:
ஓரத்தில் இருள்பொருள் இழுப்பதை விண்மீன் கணக்கில் எழுதினால் நிறை–ஒளி விகிதம் (இவ்வளவு ஒளிக்கு விண்மீன்களில் இவ்வளவு நிறை என்ற கணக்கு) வீங்கும். அதே விகிதத்தை மையத்திலும் போட்டால் கருந்துளைக்கு மிச்சம் குறையும். 2011இல் ஜெமினி நார்த் தொலைநோக்கி, காற்றின் கலக்கத்தைத் திருத்தும் தகவமைப்பு ஒளியியலோடு, கருந்துளை ஆளும் 2–3 ஆர்க்செகண்டுக்குள்ளேயே (ஒரு ஆர்க்செகண்ட் பாகையில் 3,600இல் ஒரு பங்கு) நன்றாக அளந்தது. அதன்பின் இருள்பொருளைச் சேர்த்தாலும் விட்டாலும் விடை அசையவில்லை.

நிழல்வளையம்:
2019இல் வெளியான இதே கருந்துளையின் படத்தில் தெரிந்த 42 மைக்ரோ ஆர்க்செகண்ட் ஒளி வளையமும் 650 கோடி என்றது. தூரத்தின் மேல் பழிபோட முடியாது. மூன்று முறையிலும் நிறை தூரத்துக்கு நேர்விகிதம்.

வடமீன்:
வளையத்தின் விட்டம் கருந்துளையின் ஈர்ப்பு ஆரத்தைப் போல் எத்தனை மடங்கு என்று சொல்லி, வளையத்தை நிறையாக்கும் 11 என்ற பெருக்கெண் கணினிப் பாவனையில் வந்தது. 2023இல் விண்மீன்மண்டலத்துக்கு மூவச்சு வடிவம் (மூன்று அச்சுகளும் வெவ்வேறு நீளம்) வைத்த விண்மீன் கணக்கே 537 கோடிக்கு இறங்கியது.

கதிர்மானி:
350 கோடி வர அந்தப் பெருக்கெண் 20ஐத் தாண்ட வேண்டும். ஒளி வளைவே தரும் எண் 10.4. 537 விஷயத்தில் மறுப்பில்லை, மூன்று அச்சும் வேறு என்றால் பாதைகளின் பங்கீடே மாறும். ஆனால் அதுவும் 350 பக்கம் வரவில்லையே!