செவுரு ஈரமா இருக்கு, ராக்கை அடிக்க எந்தப் பலகை சரி வரும்?

மழைக்காட்டான்:
தலவாக்கலையில வீடு. சமையல் சாமானுக்கு ஒன்னு, பிள்ளைங்க புத்தகத்துக்கு ஒன்னுன்னு ரெண்டு ராக்கை அடிக்கணும், ரெண்டும் 6 அடி அகலம். ஹார்ட்வெயார்ல எம்டிஎஃப் (மரநார அழுத்தி செஞ்ச பலகை) எடுங்க வெலையும் கொறைவுன்னு சொல்றாங்க, நம்ம தச்சு பாஸ் கிராண்டிஸ் (ஒரு யூகலிப்டஸ் மரம்) தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. மே மாசம் மழை புடிச்சா செவுத்துல கை வச்சா ஈரம் ஒட்டும், கதவே உப்பி மூட ஏலாது. எதை எடுக்கலாம்?

பதுளைப்பக்கம்:
அந்த செவுத்துக்கு எம்டிஎஃப் வேணாங்க. பெயின்ட் அடிச்ச முகம் தாங்கும், வெட்டுன ஓரமும் ஸ்குரூ ஓட்டையும் தண்ணிய உறிஞ்சும், ஒருக்கா உப்புனா காஞ்சாலும் பழைய கனத்துக்கு வராது. கிராண்டிஸ் நல்ல மரம் தான், பச்சையா மட்டும் வாங்கிறாதீங்க. மரக்காலையில அறுத்த கையோட குடுப்பாங்க, வீட்டுக்கு வந்து காயும்போது தான் முறுக்கும். ஒரு இஞ்சி கனத்துக்கு ஒரு வருஷம் காயணும்னு பழைய கணக்கு, நம்ம பனியில அதுக்கும் மேல போகும். ஒரு கண்ண மூடிக்கிட்டு பலகை ஓரத்தோட நீளத்துக்கு பாருங்க, வளைவு அப்படியே தெரியும்.

லயத்துப்பொடியன்:
கடைங்கள்ல போடுற ஓட்டை வச்ச இரும்பு ஆங்கிள் போட்டா என்ன? வீடு மாறுனா கழட்டிட்டு போயிரலாம்.

பதுளைப்பக்கம்:
சாமானுக்கு அது தான் சரி. வெட்டுன முனைக்கு அன்டிகொரோசிவ் (துரு தடுக்குற பெயின்ட்) அடிங்க, துரு அங்க தான் ஆரம்பிக்கும்.

மரத்தூசி:
புத்தகத்துக்கு 18 மில்லிமீட்டர் ப்ளைவூட், தண்ணி தாங்குற பசை போட்டதான்னு கேட்டு வாங்குங்க. ஆனா எந்தப் பலகையா இருந்தாலும் 6 அடிய ஒரே தட்டா போட்டா தொங்கும், புத்தகம் என்ன பாரம்னு தூக்குனவனுக்கு தான் தெரியும். நடுவுல ரெண்டு பலகை நிறுத்தி 2 அடி 2 அடியா பிரிங்க. தட்டோட நீளத்த பாதியாக்குனா தொங்கல் 16ல ஒரு பங்கா கொறையும், கனத்துக்கு சல்லி கொட்டுறத விட இது லாபம். முன் ஓரத்துல ஒரு ரீப்பை (ஒல்லியான மரச்சட்டம்) அடிச்சா இன்னும் விறைப்பு. வார்னிஷ ரெண்டு பக்கமும் அடிக்கணும், ஒரு பக்கம் மட்டும் அடிச்சா பலகை வளையும். செவுத்துல ஒட்டாம ஒரு இஞ்சி விடுங்க காத்து போகட்டும், மேல மட்டும் பிராக்கெட் போட்டு செவுத்தோட இறுக்கிருங்க, பிள்ளைங்க ஏறாம இருக்காது.

மழைக்காட்டான்:
அப்ப சாமானுக்கு ஆங்கிள், புத்தகத்துக்கு ப்ளைவூட். பாஸ் கோவிச்சுக்குவாரு, ரீப்பைய கிராண்டிஸ்ல அடிக்கச் சொல்லிர்றேன்.