செயல்திட்டம் முடிந்தபின் எழுதும் மீள்நோக்குக் கட்டுரையில் எதைச் சொல்வது?

கேள்வி (மேல்நிலை இறுதியாண்டு மாணவி)

வணக்கம். மணல், சரளை, மரக்கரி ஆகியவற்றை அடுக்கி நீர் வடிகட்டி ஒன்றை அமைத்து, அது கலங்கல் நீரை எவ்வளவு தெளியவைக்கிறது என்று அளப்பதே எங்கள் இறுதியாண்டுச் செயல்திட்டம். அறிக்கையை ஒப்படைத்துவிட்டோம். அந்த வேலையைத் திரும்பிப் பார்த்துத் தனியே ஒரு மீள்நோக்குக் கட்டுரை எழுதுமாறு இப்போது ஆசிரியர் கேட்டிருக்கிறார். குழுவாக உழைக்கக் கற்றோம், நேரத்தின் அருமை தெரிந்தது என்பன போன்ற வரிகள் எந்தச் செயல்திட்டத்துக்கும் பொருந்துபவை என்பதால், அவற்றை எழுத மனம் ஒப்பவில்லை.

என் மனத்தில் நிற்பது வேறொன்று. அடியில் குறியிட்ட நீண்ட குழாயில் நீரை ஊற்றி, எந்த உயரத்தில் அந்தக் குறி கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்துக் கலங்கலை அளந்தோம். வடித்த நீரில் குழாய் நிரம்பிய பின்னும் குறி தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்த ஒருவர், இதைக் குடிக்கலாமா என்று கேட்டார். எங்கள் அட்டவணையில் இருந்த எந்த எண்ணும் அதற்கு விடை தரவில்லை. இதை எழுதினால் செய்த வேலையை நானே குறைத்துக் காட்டுவதாக ஆகுமா?

மறுமொழி 1 (வேதியியல் ஆசிரியர்)

ஆகாது. உங்கள் கட்டுரையின் மையமே அதுதான். நீங்கள் கண்டறிந்ததை அறிக்கை சொல்லிவிட்டது. உங்கள் கேள்வி எப்படி மாறியது என்பதை அது சொல்லவில்லை. நீர் எவ்வளவு தெளிகிறது என்று தொடங்கிய நீங்கள், தெளிந்த நீரில் இன்னும் என்ன இருக்கிறது என்ற இடத்தில் வந்து நிற்கிறீர்கள். அந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் சிந்தனை கடந்த வழியை எழுதுங்கள்.

கல்வியியலாளர் கிரகாம் கிப்ஸ் 1988இல் மீள்நோக்குக்காக முன்வைத்த ஆறு படிச் சுழற்சியைப் பலர் பரிந்துரைப்பார்கள்: நடந்தது, உணர்ந்தது, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, அடுத்த செயல். தொடங்கத் தயங்குபவருக்கு அது உதவும். ஆனால் ஆறு படிகளுக்கும் சமமாக இடம் ஒதுக்கினால் பகுப்பாய்வு மெலிந்துபோகிறது என்பது என் எண்ணம். நடந்ததை ஒரு பத்தியில் முடித்துவிடுங்கள்.

மறுமொழி 2 (சுற்றுச்சூழல் பொறியியல் மாணவர்)

தங்கையே, உங்கள் அளவீடு பயனற்றது என்று நினைத்துவிட வேண்டாம். கலங்கல் துகள்கள் நுண்ணுயிரிகளைக் குளோரினிடமிருந்தும் புற ஊதாக் கதிர்களிடமிருந்தும் மறைத்துக் காக்கக்கூடியவை என்பதால், கிருமிநீக்கத்துக்கு முன் நீரைத் தெளியவைப்பது இன்றியமையாத படியாகும். நீங்கள் அளந்தது அந்தப் படியை.

பாக்டீரியா ஒன்றின் நீளம் பெரும்பாலும் சில மைக்ரோமீட்டர்தான். மணல் துகள்களுக்கு இடையிலுள்ள துளைகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. ஆகவே மணல் அதைச் சல்லடை போலத் தடுப்பதில்லை. மணிக்கு 0.1 முதல் 0.4 மீட்டர் வரையிலான வேகத்தில் நீர் இறங்கும் மெதுமணல் வடிகட்டிகளில், மணலின் மேற்பரப்பில் சில வாரங்களில் உயிருள்ள படலம் ஒன்று உருவாகி, கிருமிகளைப் பிடித்து அழிக்கிறது. விரைவாக வடிந்து, இடையிடையே உலர்ந்துவிடும் பள்ளி மாதிரியில் அந்தப் படலம் உருவாக வழியில்லை.

1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் வழங்கியபோது, அங்கே காலராவால் 8000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒட்டியே இருந்த அல்டோனா நகரமோ, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பகுதிக்குக் கீழே அதே ஆற்றிலிருந்து நீர் எடுத்தும், மணலில் வடித்துக் கொடுத்ததால் பெருமளவு தப்பியது. அதே மணல்தான் உங்கள் வடிகட்டியிலும் இருந்தது; ஆனால் அல்டோனாவில் அதற்குக் காலமும் மெதுவான ஓட்டமும் கிடைத்தன.

மாணவி

மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. படலம் பற்றிய செய்தி செயல்திட்டம் முடிந்த பிறகே எனக்குத் தெரியவருகிறது. அதையும் கட்டுரையில் சேர்க்கலாமா?

மறுமொழி 1 (வேதியியல் ஆசிரியர்)

சேர்க்கலாம், எப்போது அறிந்தீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். பின்னர் அறிந்ததை முன்பே அறிந்திருந்ததுபோல் எழுதினால், மாற்றம் நிகழ்ந்த இடம் வாசிப்பவருக்குப் புலப்படாமல் போய்விடும். மீண்டும் செய்ய வாய்த்தால் எதை அளப்பீர்கள் என்பதையும் திட்டவட்டமாகக் குறிப்பிடுங்கள்: வடிகட்டியை உலரவிடாமல், நீரை மெதுவாக இறக்கி, சில வாரங்கள் ஓட்டிய பின் கோலிஃபார்ம் சோதனை (நீரில் மலக்கலப்பைச் சுட்டக்கூடிய பாக்டீரியாக்கள் உள்ளனவா என்று பார்ப்பது) செய்வது என்ற அளவுக்கு. அந்தச் சோதனையைப் பள்ளியில் செய்வதானால் ஆசிரியரின் நேரடி மேற்பார்வை கட்டாயம். சோதனை முடியும்வரை அந்த நீரை எவரும் சுவைத்துப் பார்க்கக் கூடாது.