காற்றடைக்கும் படகு: வாங்கவும் குளிர்காலத்தில் பேணவும் ஆலோசனை தேவை

வணக்கம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள சிம்கோ ஏரியில் மகனோடு தூண்டில் போடுவதற்காக, மூன்று மீட்டர் நீளமான காற்றடைக்கும் படகொன்றையும் 6 குதிரைவலு மோட்டாரையும் வாங்க எண்ணியுள்ளேன். வெயிலைத் தாங்குவதில் ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர் பூசிய துணி மேல் என்றாலும், விலை கையைக் கடிப்பதால், கோடையில் மட்டும் நீரில் இறங்கும் படகுக்குப் பிவிசி என்ற பிளாஸ்டிக் துணி போதும் என்பது என் கணிப்பு, அனுபவமுள்ளவர்கள் மறுக்கலாம்.

நண்பரொருவர் ஈரம் உலராமல் சுருட்டி வைத்த படகை வசந்தத்தில் விரித்தபோது, மடிப்பெங்கும் கரும்பூஞ்சை படர்ந்து, மோட்டார் மாட்டும் பின்பலகையின் ஓரத்தில் பசை விட்டிருந்தது. அடுக்குமாடியில் வசிக்கும் எனக்கு நிலவறையில் சிறு களஞ்சிய அறை மட்டுமே உண்டு. அங்கே பெட்ரோல் வைக்க அனுமதியில்லை. எஞ்சின் எண்ணெயைத் தனியே தேக்கி வைத்திருக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாரைத் தவறான பக்கம் சரித்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும் என்பதால், நிமிர்த்தி வைக்கத் தாங்கி அவசியமா, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் மீந்திருப்பதை முழுதும் வடித்துவிட வேண்டுமா என்று அறிந்தவர்கள் கூறுவீர்களா?