முதன்முறை மத்ரஸா விடுதிக்குப் போகிறேன்: முகக்கவசத்தோடு ஓதுவது எப்படி?

முதலாண்டு மாணவர் (பிப்ரவரி 2021):

அஸ்ஸலாமு அலைக்கும். சென்ற ஷவ்வால் மாதத்தில் ஓர் அரபுக் கல்லூரியின் ஆலிம் (மார்க்க அறிஞர்) வகுப்பில் சேர்ந்தேன். சேர்ந்தது என் பெயர் மட்டும்தான், கொரோனாவால் நான் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கைப்பேசியில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது விடுதிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஸீன், ஸாத் என்ற இரு அரபு எழுத்துகளின் ஒலி வேறுபாட்டை உஸ்தாத் (ஆசிரியர்) எத்தனை முறை ஓதிக் காட்டியும் கைப்பேசியில் எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. நேரில் போனாலும் முகக்கவசத்துக்குள் ஓதினால் என் வாயசைவை அவர் எப்படிப் பார்த்துத் திருத்துவார்? மேலும், ஒரே சஹனைச் (பெரிய தட்டை) சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கத்தை நிறுத்திவிட்டு அவரவர்க்குத் தனித்தட்டு என்கிறார்கள். நோய்க்கு அஞ்சி ஒதுங்குவது ஈமானின் (இறைநம்பிக்கையின்) குறை என்று ஊரில் ஒரு பெரியவர் சொன்னதும் மனத்தை உறுத்துகிறது.

ஐந்தாம் ஆண்டு மாணவர்:

வஅலைக்குமுஸ்ஸலாம், தம்பி. 2020 மார்ச்சில் ஆண்டுத் தேர்வு நெருங்கிய வேளையில் விடுதியை மூடியபோது, கிதாபுகளை (பாடநூல்களை) பெட்டியிலேயே விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள் நாங்கள். இப்போது எங்கள் உஸ்தாத் மொட்டைமாடியில் ஒவ்வொருவராக அழைத்து, ஆறடி தள்ளி நிற்க வைத்து, முகக்கவசத்தை இறக்கச் சொல்லிக் கேட்கிறார். தக்ராருக்கு (பாடத்தைச் சேர்ந்து திரும்பப் படிப்பதற்கு) ஒரே தோழரை வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கொருவரோடு அமர்ந்தால் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டாலும் வகுப்பு முழுவதும் தனிமைப்பட நேரிடும்.

நிஸ்வான் (பெண்கள்) மத்ரஸா மாணவி:

எங்கள் கல்லூரியில் முகக்கவசத்தை இறக்க அனுமதி இல்லை. வீட்டில் மூவருக்கு ஒரு கைப்பேசி, பகலில் அது தம்பியின் பத்தாம் வகுப்புப் பாடத்துக்கு என்ற நிலையில், ஃபஜ்ர் (அதிகாலை) தொழுகைக்குப் பின் வாய் தெரியும்படி இரண்டு நிமிடம் ஓதிப் பதிவு செய்து உஸ்தாதாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் வந்தது. அவர் திருத்தி அனுப்பிய குரல்பதிவுகளை நான் இன்றும் கேட்கிறேன். நேரில் ஒருமுறை கேட்ட திருத்தத்தை அப்படித் திரும்பக் கேட்க முடியாது. விடுதிக்குப் போன பின்பும் இதைக் கைவிடாதீர்கள்.

உஸ்தாத் ஒருவர்:

அந்தப் பெரியவர் சொன்னதை மரியாதையோடு விட்டுவிடுங்கள். ஷாம் (சிரியாப் பகுதி) நோக்கிப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்க் என்னுமிடத்தில் அறிந்து திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று தளபதி அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டதும், ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்று உமர் (ரலி) அவர்கள் விளக்கியதும் புகாரி நபிமொழித் தொகுப்பிலேயே இருக்கின்றன. நோயுள்ள ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்தால் தப்பியோட வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை நபித்தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துரைத்ததும் அந்த நிகழ்வில்தான். கொள்ளைநோய் பற்றித் தனி நூலே எழுதிய இமாம் இப்னு ஹஜர் அவர்கள், தம் மகள்களை அந்நோய்க்குப் பறிகொடுத்தவர். ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) தோளோடு தோள் நிற்க முடியாதது எனக்கும் வருத்தமே; அதற்காக இடைவெளி விடுபவரை ஈமான் குறைந்தவர் என்று சொல்ல முடியாது.

முதலாண்டு மாணவர்:

ஜஸாகுமுல்லாஹு கைரன். ஸாதை இன்றிரவே பதிவு செய்து அனுப்புகிறேன். உம்மா தட்டும் தம்ளரும் எடுத்து வைத்துவிட்டார்.